முப்பத்தெட்டாம் நம்பர் சட்டை

கீழேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. கூட்டத்தில் நிற்க முடியாது, நீயே போய்ப் பார்த்து எடு என்றார். கூட்டமே இல்லை. புதன்கிழமை பதினோரு மணிக்குத் துணிக்கடைக்கு யார் வருவார்கள். வாசலில் காவல்காரர் இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "ரெண்டு சட்டை எடு, வசந்தா. வெலை கம்மியா எடு, போதும்" என்றார். போதும். மாடிப்படி ஏறும்போது அந்த ஒரு வார்த்தைதான் என்னோடு ஏறி வந்தது. கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் இந்த மனுஷர் வாயிலிருந்து அதை நான் அதிகம் கேட்டதில்லை. ரசம் ஊற்றும்போதுகூடக் கையைக் குறுக்கே நீட்ட மாட்டார், நானாக நிறுத்துகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பார். பேத்திக்குக் காது குத்துகிற விசேஷத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டைக்கு எதற்குப் போதும் என்கிறார். எதுவரைக்கும் போதும் என்கிறார். தெரிந்துதான் சொல்கிறாரா. யார் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லவில்லை. தாராபுரத்தில் இருக்கிற மகளிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. டாக்டர் என்னிடம் சொன்னது ஆஸ்பத்திரி வராந்தாவில், அவர் உள்ளே திரைக்குப் பின்னால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது. டாக்டர் மெதுவாகத்தான் பேசினார். ஆனால் நடுவில் இருந்தது வெறும் துணி. துணி எதைத் தடுத்து நிறுத்தும்.

மாடியில் ஆண்கள் பிரிவு முழுக்க மஞ்சள் விளக்கு. அதிலேயே எனக்கு முதல் சந்தேகம். மஞ்சள் வெளிச்சத்தில் எந்தத் துணியும் பணக்காரத் துணியாகத்தான் தெரியும். எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளுக்கு நேர் மேலே வெள்ளை டியூப் லைட் போட்டிருப்பார்கள், ஒரு நூல் இடம் மாறியிருந்தாலும் கண்ணைக் குத்தும். இருபத்திரண்டு வருஷமாக அந்த வெளிச்சத்துக்குக் கீழேதான் நிற்கிறேன். தைத்து வருகிற ஒவ்வொரு பனியனையும் டீ-சர்ட்டையும் உள்ளே வெளியே திருப்பிப் பார்க்க வேண்டும். ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, விட்டுப்போன தையலோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். நல்லதைப் பார்க்க யாரும் எனக்குச் சம்பளம் தருவதில்லை. கோளாறைக் கண்டுபிடிக்கத்தான் தருகிறார்கள். அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. கத்தரிக்காயைத் திருப்பிப் பார்ப்பேன், பால் பாக்கெட்டை அமுக்கிப் பார்ப்பேன், ஆள் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார் என்று பார்ப்பேன். "வாங்க்கா, யாருக்குப் பாக்கறீங்க" என்று அந்த விற்பனைப் பெண் வந்தபோதும் முதலில் அவள் கையைத்தான் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். சட்டையில் சுகுணா என்று பெயர் குத்தியிருந்தது. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. வீட்டுக்காரருக்கு என்றேன். அவள் உடனே விலை அதிகமான பக்கம் திரும்பினாள். என் புடவையைப் பார்த்துவிட்டுமா இந்தப் பக்கம் போகிறாள், அப்படியென்றால் என் முகத்தில் ஏதோ தெரிகிறது. இன்றைக்கு எதுவானாலும் வாங்கிவிடுவாள் என்கிற முகம் எனக்கு வந்துவிட்டதா.

"என்ன சைஸுங்க்கா" என்று கேட்டாள். அங்கேயே மாட்டிக்கொண்டேன். நாற்பத்திரண்டு. வாய் வரைக்கும் வந்த நம்பர் நாற்பத்திரண்டுதான். டெம்போ ஓட்டுகிற ஆள், சாயப் பட்டறைக்குத் துணி உருளை ஏற்றி இறக்குகிற ஆள், தோள் அப்படி இருந்தது. கல்யாணத்தன்றைக்கு எடுத்த சட்டையே நாற்பது, அதற்கப்புறம் ஏறியதுதான். சித்திரையில் வயிற்றில் ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். அதோடு டெம்போ நின்றது. வைகாசியில் பெல்ட்டில் ஒரு புது ஓட்டை போட்டார். ஆனியில் இன்னொன்று. ஆணியைச் சூடு பண்ணிக் குத்தும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார், நான் சிரிக்கவில்லை, அப்போதே கண்டுபிடித்திருப்பாரோ. இப்போது எல்லாச் சட்டையும் அவர்மேல் காயப்போட்ட மாதிரி தொங்குகிறது. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அசந்து தூங்கும்போது இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் வரைக்கும் சாண் போட்டு அளந்தேன். இரண்டு சாண்கூட நிறையவில்லை. அளந்து முடிக்கிற சமயம் அவர் மூச்சு ஒரு தடவை நின்று திரும்பியது. தூக்கத்தில் அப்படி ஆகுமா, விழித்துக்கொண்டு கண்ணை மூடிக்கிடந்தால் ஆகுமா. "முப்பத்தெட்டு" என்று சுகுணாவிடம் சொன்னேன். நாற்பது எடுக்கலாமே. உடம்பு தேறினால் நாற்பது சரியாக இருக்கும். முப்பத்தெட்டு எடுத்தால் தேறாது என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. ஆனால் நாற்பது எடுத்துப் போட்டுவிட்டால் காதுகுத்து வீட்டில் எல்லார் கண்ணும் அந்தத் தொங்கலில்தான் போய் நிற்கும். என்னடா திருமூர்த்தி இப்படி ஆயிட்ட என்று ஒருவன் கேட்பான். கேட்கிறவன் எவன் என்றுகூட எனக்குத் தெரியும்.

சுகுணா இரண்டு சட்டையைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். ஒன்று முந்நூற்றி நாற்பது. இன்னொன்று ஆயிரத்து அறுநூறு. இரண்டும் வெளிர் நீலம்தான், தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி. நான் இரண்டையும் உள்பக்கம் திருப்பினேன். அவள் முகம் மாறியது, இந்த மாதிரி ஆள் வந்தால் விற்பனைக்காரர்களுக்குப் பிடிக்காது. குறைந்த விலைச் சட்டையில் பக்கத் தையல் லேசாகச் சுருங்கியிருந்தது, இஞ்சுக்கு எட்டுத் தையல்கூட வராது, பொத்தானை நூல் சுற்றாமல் அப்படியே கட்டிவிட்டிருந்தார்கள். ஆனால் துணி மோசமில்லை. விலை அதிகமான சட்டையை இன்னும் சந்தேகமாகப் பார்த்தேன். விலையை நம்பக்கூடாது. ஒரே நாளில், ஒரே மிஷினில், ஒரே பெண் தைத்த டீ-சர்ட்டுக்கு இரண்டு விதமான லேபிள் போவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு லேபிள் கப்பல் ஏறும், ஒரு லேபிள் ரோட்டுக் கடைக்குப் போகும். கழுத்தில் இருக்கிற அந்த அரை இஞ்சுத் துணிக்குத்தான் ஜனங்கள் காசைக் கொட்டுகிறார்கள். அதனால் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். வீட்டுக்குப் போடுவது, வேலைக்குப் போடுவது எல்லாம் மலிவுதான், சாயமும் கிரீஸும் படுகிற உடம்புக்கு எதற்கு உயர்ந்த துணி. படுக்கை விரிப்பு, துண்டு, உள்ளாடை, இவை மட்டும் கொஞ்சம் நல்லதாக, தோலோடு கிடக்கிற சமாச்சாரம். மற்றதெல்லாம் எத்தனை வாஷ் தாங்கும் என்று பார்த்து எடுப்பேன். இந்த முந்நூற்றி நாற்பது ரூபாய்ச் சட்டை முப்பது வாஷ் தாங்கும். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முப்பத்தொன்றாவதில் காலர் மடிப்பில் பிசிறு வரும். அந்த ஆயிரத்து அறுநூறு ரூபாய்ச் சட்டை இருநூறு வாஷ் தாங்கும். வாரத்துக்கு இரண்டு தடவை போட்டாலும் முப்பது வாஷ் என்றால் ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. அங்கே போய் என் புத்தி நின்றது. கார்த்திகை பாதி வரைக்கும் தாராளமாக வரும். போதும். அவர் சொன்ன அதே வார்த்தை என் வாயில் வந்துவிட்டது. கையில் இருந்த சட்டையைச் சுட்ட மாதிரி கீழே வைத்தேன். "என்னாச்சுங்க்கா, ஊசி இருந்துச்சா" என்று சுகுணா பதறினாள். இல்லை என்று தலையாட்டினேன்.

இந்தத் தீபாவளிய நல்லாக் கொண்டாடுங்கம்மா, அடுத்ததப் பத்தி இப்ப யோசிக்க வேண்டாம். இதுதான் டாக்டர் சொன்னது. அவ்வளவுதான் சொன்னார். மாசமும் சொல்லவில்லை, நாளும் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை அன்றைக்கிலிருந்து நான் உள்ளே வெளியே திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரிடமும் இப்படித்தான் சொல்வாரோ, நம்பிக்கையாகச் சொல்ல வேண்டும் என்று இப்படி ஒரு பழக்கம் வைத்திருப்பாரோ என்று ஒரு பக்கம். சொல்ல வேண்டியதை இதைவிட மெதுவாகச் சொல்ல முடியாது என்று மறுபக்கம். எந்தப் பக்கம் திருப்பினாலும் அம்பு ஒட்ட ஒரு இடம் இருக்கிறது. அதற்கப்புறம்தான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். சாப்பாட்டில் உப்பு கம்மி என்று சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். போர் மோட்டார் சுவிட்சை எப்படி அணைக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், இருபது வருஷமாக நான் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று விரட்டியவர். செருப்பு வார் அறுந்தபோது புதுசு எடுக்கலாம் என்றேன், தைத்துக்கொள்கிறேன் என்று கொண்டுபோனார். மருமகன் வந்திருந்தபோது கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து, எனக்கு மணி பாத்து என்ன ஆகப்போகுது மாப்ள என்றார். மருமகன் சிரித்தார். நான் அடுப்படியில் தோசைக் கரண்டியோடு நின்றேன். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் ஒன்றுமே இல்லை, ஆபரேஷன் ஆன மனுஷன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் இப்படித்தான் இருப்பான். எல்லாவற்றையும் ஒரே டேபிளில் வைத்தால்தான் பயமாக இருக்கிறது. இப்போது சட்டை. மலிவான சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், ஆமாம், உனக்கு இதுவே போதும் என்று நானும் கையெழுத்துப் போட்ட மாதிரி. விலையான சட்டையைக் கொண்டுபோனால் அதைவிட மோசம். இந்த இருபத்தேழு வருஷத்தில் நான் அவருக்கு ஆயிரம் ரூபாய்க்குச் சட்டை எடுத்ததே இல்லை. எதற்கு இன்றைக்கு என்று ஒரு பார்வை பார்த்தால் போதும், என் முகத்தில் தீபாவளி எழுதியிருப்பதைப் படித்துவிடுவார். எந்தச் சட்டையும் வாயில்லாமல் இல்லை.

"எங்க வீட்டுக்காரருக்கும் இதேதாங்க்கா எடுத்தேன்" என்றாள் சுகுணா, விலை அதிகமானதைத் தடவிக்கொண்டே. பொய். இவள் சம்பளத்துக்கு எப்படி எடுப்பாள். அப்புறம், கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு விலை குறைத்துக் கொடுப்பார்களோ என்னவோ என்று நினைத்தேன். அப்புறம், இவளுக்கு வீட்டுக்காரர் இருக்கிறாரா என்றே ஒரு சந்தேகம். ஏன் இப்படி எல்லாம் யோசிக்கிறேன். "ஒரு நிமிஷம் இருங்" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடிக் கம்பி ஓரமாக வந்து கீழே பார்த்தேன். அங்கிருந்து வாசல் தெரியும். அவர் நாற்காலியைக் காவல்காரர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். மேலிருந்து பார்க்கும்போது தலை உச்சியில் முடி கொட்டின இடம் வெள்ளையாகத் தெரிந்தது. கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். காவல்காரர் அப்படியே நின்றுபோய், தொப்பியைக் கழற்றி, அவர் தோளில் கை வைத்தார். தோளில் எதற்குக் கை வைக்க வேண்டும். அரை மணி நேரம் முன்னால் பார்த்த ஆள். என்ன சொல்லியிருப்பார் இவரிடம். என்னிடம் சொல்லாதது எதையோ முன்பின் தெரியாத ஒரு மனுஷரிடம் சொல்லியிருக்கிறார். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் சிரித்துச் சிரித்து இருமினார், வயிற்றுத் தையலைக் கையால் பிடித்துக்கொண்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டில் என்னோடு இப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று. அல்லது சிரித்திருக்கிறாரோ, நான்தான் என்ன கோளாறு என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேனோ.

திரும்பி வந்து குறைந்த விலைச் சட்டையின் காலரைப் புறங்கையில் வைத்துத் தேய்த்தேன். புறங்கைத் தோல் பொய் சொல்லாது. காலருக்குள்ளே வைத்த பேஸ்டிங் துணி மட்டமான ரகம், ஓரம் அட்டை மாதிரி நின்றது. ஆபரேஷனுக்கப்புறம் அவர் தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிட்டது, வாட்ச் வார் பட்ட இடம்கூடச் சிவந்துபோகிறது. வாட்ச் வார். அதனால்தான் வாட்சைக் கழற்றினாரா. மருமகனிடம் சொன்னது வெறும் பேச்சுக்கா. நான் ஒட்டி வைத்த அம்புகளில் ஒன்று அங்கேயே கழன்று விழுந்தது. மற்ற சட்டையின் காலரைத் தேய்த்தேன். மெத்தென்று மடங்கியது. தையலைப் பார்த்தேன், பொத்தானை இழுத்துப் பார்த்தேன், கைக்குழியில் துணி இழுபடுகிறதா என்று பார்த்தேன். ஒரு குறையும் கிடைக்கவில்லை. குறை கிடைக்காதபோதுதான் எனக்கு இன்னும் பயம் வரும், கம்பெனியில் அப்படிப்பட்ட பீஸை இரண்டாம் தடவை பார்ப்பேன். இரண்டாம் தடவை பார்த்துக்கொண்டிருக்கும்போது லிப்ட் கதவு திறந்தது. அவர் நின்றார். கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பழைய நாற்பத்திரண்டாம் நம்பர் சட்டைக்குள், யாருடைய சட்டையையோ இரவல் வாங்கிப் போட்டவர் மாதிரி.

"என்ன, கடைய வெலைக்கு வாங்கறயா" என்றார். "நேரமாச்சேன்னு வந்தேன்." அவர் கண் மேஜைமேல் போனது. இரண்டு சட்டையையும் பார்த்தது. விலைச் சீட்டைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. நான் எந்தச் சட்டைமேல் கையை வைத்திருக்கிறேன் என்று பார்த்தார். மறைக்க நேரமில்லை. சுகுணா, "போட்டே பாத்துருங்க்ணா, ரூமு சும்மாதான் இருக்குது" என்று நல்ல சட்டையைப் பொத்தான் கழற்றிக் கையில் கொடுத்தாள். அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டு போனார். அது எனக்குப் புதுசு, சண்டை போடுவார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து, "வசந்தா, இங்க வா, பொத்தான் வரமாட்டேங்குது" என்று கூப்பிட்டார். ஒரு ஆள் நிற்கிற அளவு பலகை ரூம். நான் உள்ளே போனதும் கதவு முதுகில் இடித்தது. எதிரே கண்ணாடி. அவர் விரல் நுனி மரத்துப்போயிருக்கிறது, ஊசி வழியாக ஏற்றின மருந்து பண்ணின வேலை, புதுப் பொத்தான் துளை இறுக்கமாக வேறு இருந்தது. நான் கீழ்ப் பொத்தானிலிருந்து போட ஆரம்பித்தேன். வயிற்றுத் தழும்பு முதலில் மறைந்தது, அப்புறம் விலா எலும்பு ஒவ்வொன்றாக. கண்ணாடியில் அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முப்பத்தெட்டா" என்றார். "அளவு கரெக்டா இருக்குதே. எப்படிச் சொன்ன."

"சும்மா ஒரு குத்துமதிப்பா."

"ஞாயித்துக்கெழம சாண் போட்டயே, அப்பவா."

என் கை நடுப் பொத்தானில் நின்றுவிட்டது. அவர் குரலில் கோபம் இல்லை. "நான் முழிச்சுட்டுத்தான் கெடந்தேன்" என்றார். "துணிக்கு அளக்கறயா, வேற எதுக்காச்சும் அளக்கறயான்னு தெரியல. அதான் அசையாமக் கெடந்தேன்."

வேறு எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாத இடம் அது. நான் அவர்மேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த அதே மத்தியானம் அவர் என்மேல் சந்தேகப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறார். "சட்டைக்குத்தான் அளந்தேன்" என்றேன். குரல் எனக்கே நம்பும்படி இல்லை.

"நீ ரெண்டு மாசமா எல்லாமே நல்லதா வாங்கற, வசந்தா. நாட்டுக்கோழி வாங்கற. இலவம்பஞ்சு மெத்தை வாங்குன. பொன்னி அரிசி வாங்கற. நம்மூட்ல எப்பப் பொன்னி அரிசி வாங்குனோம். ஒவ்வொண்ணு உள்ள வர்றப்பவும் நான் வெலையத்தான் பாக்கறேன். நேத்து வாங்குனதவிட இன்னைக்கு வெலை கூடயா இருந்தா, அப்ப இன்னும் கொறஞ்சுபோச்சு போல இருக்குதுன்னு நெனச்சுக்குவேன்." அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்து என் உச்சந்தலையைப் பார்த்துப் பேசினார். "அதான் சட்டையாச்சும் மட்டமா எடுத்துட்டு வரட்டும்னு சொன்னேன். எப்பவும் போல நீ ஒரு முந்நூறு ரூபாச் சட்டையக் கொண்டாந்து நீட்டுனா, சரி, இவ நம்மள இன்னும் சாதாரண ஆளாத்தான் வெச்சிருக்கறான்னு நிம்மதியாப் போட்டுட்டுப் போவேன்."

நான் அவர் நெஞ்சுக்கு நேராக இருந்த பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போதும் என்கிற ஒரு வார்த்தைக்கு நான் இத்தனை நேரம் என்னென்னவோ அர்த்தம் பார்த்தேன், அது மட்டும் தோன்றவே இல்லை. குறைந்த விலையைப் பார்த்து நான் பயந்தேன், கூடின விலையைப் பார்த்து அவர் பயந்திருக்கிறார், ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து. வெளியே சுகுணா யாரிடமோ கையில்லாத பனியனா கை வைத்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுவிடலாமா, கேட்டால் எல்லாம் உடைந்துவிடுமா, உடையாமல் இருக்க இங்கே என்ன மிச்சம் இருக்கிறது.

"டாக்டர் உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா" என்றேன்.

"கேட்டேன், சொன்னாரு. நீ மருந்துக் கடையில நின்னப்ப. உங்கிட்டயும் சொல்லியாச்சுன்னாரு. தீபாவளியக் கொண்டாடச் சொன்னாரா?"

"ஆமாங்."

"எனக்கும் அதேதான். ஒரு வார்த்தை மாத்தல பாரு." அவருக்குச் சிரிப்பு வந்தது, தையலைப் பிடித்துக்கொண்டார். "கீழ அந்த மனுஷங்கிட்டச் சொன்னேன். என் பொண்டாட்டிக்கு எல்லாம் தெரியும், எனக்குத் தெரியும்கறது அவளுக்குத் தெரியாது, மேல நின்னு எனக்குச் சட்டை எடுக்கத் திணறிட்டு நிக்கறா, போய்ச் சொல்லிரலாம்னு இருக்கறேன்னு. அவருக்கும் வீட்ல இப்படி ஒண்ணு நடந்திருக்குது. போங்க, போய்ப் பேசிருங்கன்னாரு."

அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. தோள் இறங்கியது. ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து நான் தூக்கிக்கொண்டே நடந்த சுமையின் மறுபக்கத்தை அவரும் பிடித்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்ததும் கை வலி தெரிந்தது. மிச்சப் பொத்தானைப் போட்டேன். காலரைச் சுற்றி விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். எங்கேயும் உரசவில்லை.

"இத எடுத்தது அதுக்கில்லீங்" என்றேன். "அந்த மலிவுச் சட்டைல காலருக்குள்ள வெச்சிருக்கற துணி மட்டம். ரெண்டு மணி நேரம் போட்டா உங்க கழுத்துல கோடு விழுந்துரும். பக்கத் தையலும் சுருங்கிக் கெடக்குது. இது நல்ல தையல், அதனாலதான் எடுத்தேன். வெலை இதுக்குப் பாதி இருந்தாலும் இதத்தான் எடுத்திருப்பேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். சந்தேகமாகத்தான் பார்த்தார், இருபத்திரண்டு வருஷமாக நான் துணியைப் பார்க்கிற மாதிரி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும். "நெசமா" என்றார்.

"செக்கிங்காரி சொல்றேன். தொட்டுப் பாருங்."

மரத்த விரலால் காலரைத் தொட்டுப் பார்த்தார். அந்த விரலுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. கன்னத்தைத் திருப்பிக் காலர்மேல் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார். கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்றார். தோள் தையல் சரியாகத் தோள்மேல் உட்கார்ந்திருந்தது. இளைத்த ஆள்தான், ஆனால் அவருடைய அளவில் அவர் நின்றார். "காதுகுத்துல எவனும் ஒண்ணும் கேக்க முடியாது" என்றார். பிறகு பழைய சட்டையைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

சுகுணா பக்கத்தில் வந்து, ரொம்ப நல்லா இருக்குதுங்க்ணா என்றாள். அந்தச் சொல்லில் எனக்குக் குறை எதுவும் தோன்றவில்லை. "இதையே போட்டுக்கறேன், சீட்ட மட்டும் கத்திரிச்சுக் குடுங்க" என்று அவர் கையை நீட்டினார். அவள் கத்தரிக்கோல் எடுத்து வந்து மணிக்கட்டிலிருந்த சீட்டை வெட்டினாள். மேஜைமேல் கிடந்த மலிவுச் சட்டையை மடிக்கப்போனாள். அவர் அவளைத் தடுத்தார். "அது வேண்டாம், கழுத்த அறுக்குமாமா. இவங்க செக்கிங்ல இருக்கறவங்க" என்று பெருமையாகச் சொன்னார். "இதுலயே இன்னொண்ணு காட்டுங்க. வேற கலர்ல."

"என்ன கலருங்க்ணா?"

"தெரியலயே, எல்லாத்தயும் எடுத்துப் போடுங்க, பாக்கலாம்."

அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். சந்தனம், இளம்பச்சை, மெல்லிசாகக் கோடு போட்டது, சாம்பல். அவர் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு சட்டையையும் நெஞ்சோடு வைத்துக் கண்ணாடியில் பார்த்து, கீழே வைத்து, மறுபடியும் எடுத்தார். கோடு போட்டதில் பெரிய கோடு இருக்கிறதா என்று கேட்டார். உள்ளே இருக்கிறது என்று அவள் போனாள். அவர் அவசரப்படவில்லை. நான் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன், அவர் நிதானமாகப் பார்த்து எடுக்கட்டும் என்று.